திறந்திருந்த கதவு



இந்தச் சொற்பொழிவுக்கு மூன்று மாதங்களுக்கு முன் தலைப்புக் கேட்டபோது 'மனநலமும் குடும்பமும்' என்று பொதுவாக எழுதிக் கொடுத்தேன். அழைப்பிதழும் அப்படியே அச்சாகிவிட்டது. ஆனால் குறிப்பெடுக்க உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் என் தம்பியிடமிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான் மனம் போய் நின்றது. அதிலிருந்தே தொடங்குகிறேன். பொறுத்தருள வேண்டும்.

2016ஆம் ஆண்டு, ஆடி மாதத்துச் சனிக்கிழமை, இரவு பதினொன்றே கால். அந்த நேரத்தில் போன் அடித்தால் நம் வீடுகளில் முதலில் என்ன நினைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். பதறிக்கொண்டு எடுத்தேன். மறுமுனையில் தம்பி அழுதுகொண்டிருந்தான். கோயம்புத்தூரில் பம்ப்செட் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய பட்டறை அவனுக்கு. சத்தமாக அழுகிற ஆள் கிடையாது. "அக்கா, அப்பாவோட சைக்கிளைப் பூட்டாம விட்டது நான்தான். நீன்னு சொல்லிட்டேன். நீ அடி வாங்குன. என்னை மன்னிச்சிரு" என்றான்.

சைக்கிள் தொலைந்தது 1984இல். அப்போது எனக்குப் பதினான்கு வயது, அவனுக்கு ஒன்பது. அப்பா தவணையில் வாங்கிய ராலே. அன்று வாங்கிய அடியைவிட, பூட்டினேன் என்று நான் சொன்னதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை என்பதுதான் எனக்குள் வெகுகாலம் கிடந்தது. முப்பத்திரண்டு வருடம் கழித்து ஒருவன் அதை நினைவில் வைத்துக் கூப்பிடுகிறான். நானும் அழுதேன். ஏழெட்டு நிமிடம் இருவருக்கும் பேச்சே வரவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவன் சொன்னான்: "இங்க ஹோட்டல்ல ஒரு கோர்ஸ்ல இருக்கேன்க்கா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அறிமுக வகுப்பு இருக்கு. நீ கண்டிப்பா வரணும். உனக்கும் ஒரு சீட் சொல்லி வச்சிருக்கேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதல் வாக்கியம் உண்மை என்பதால்தான் இரண்டாவதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அரசு மருத்துவமனையில் மனநலச் சமூகப் பணியாளராக இருபத்தொன்பது ஆண்டுகள் இருந்தவள் நான். அந்தப் பயிற்சியை நடத்தியவர்கள் யார் என்று சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயரைத் தவிர்த்தால் போதும் என்று ஆகிவிடும். இந்த வடிவத்துக்கு ஐம்பது வருடத்துக்கு மேலான வரலாறு இருக்கிறது.

1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் என்பவர் 'எஸ்ட்' என்ற பயிற்சியைத் தொடங்கினார். பெற்றோர் வைத்த பெயர் ஜான் பால் ரோசன்பெர்க். பிலடெல்பியாவில் கார் விற்றவர். மனைவியையும் நான்கு குழந்தைகளையும் விட்டுவிட்டு ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டவர். பிறகு புத்தக விற்பனையில் இருந்தார். அவருடைய பயிற்சி இரண்டு வார இறுதிகள், மொத்தம் அறுபது மணி நேரம் நடக்கும். ஹோட்டல் கூடத்தில் இருநூற்றைம்பது பேர் வரை இருப்பார்கள். கட்டணம் சில நூறு டாலர். உள்ளே போகும்போதே கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது. அறிவிக்கும் இடைவேளை வரும்வரை கழிப்பறைக்குப் போகக் கூடாது. பயிற்சியாளர் மேடையிலிருந்து மணிக்கணக்கில் எல்லோரையும் ஏசுவார். ஒவ்வொருவராக எழுந்து, வீட்டில் கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொல்லாததை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். கூட்டம் கைதட்டும். 1984இல் அந்தப் பயிற்சி நிறுத்தப்படுவதற்குள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் அதை முடித்திருந்தார்கள்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது சரியாகாது. கணேஷ்புரியின் சுவாமி முக்தானந்தர் 1974இல் அமெரிக்கா போனபோது அந்தப் பயணத்துக்கு உதவியவர் எர்ஹார்ட். நம் ஆசிரமச் சொற்களும் அவர்களுடைய விற்பனைத் தந்திரமும் அங்கே சந்தித்தன. பின்னாளில் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு அது நம் ஊர் ஹோட்டல் கூடங்களுக்கே திரும்பி வந்தபோது, நமக்கு அது பழகிய வாசனையாக இருந்ததில் வியப்பில்லை.

இதெல்லாம் வெறும் ஏமாற்று, யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பயன் அடைந்தோம் என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு இரவு சரியான தூக்கமில்லாமல், முன்பின் தெரியாத நூறு பேர் நடுவில், இருபது வருடப் பாரத்தை ஒருவர் இறக்கி வைத்தால் நிச்சயம் லேசாக இருக்கும். உடம்பே மிதப்பதுபோல் இருந்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு. லேசாகாமல் உடைந்து போனவர்களை அங்கே யார் கவனித்தார்கள்?

இதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லீபர்மன், யாலோம், மைல்ஸ் என்ற மூவர் செய்தது. 1973இல் நூலாக வந்தது. அன்று புழக்கத்தில் இருந்த பல வகைக் குழுப் பயிற்சிகளில் இருநூறுக்கும் சற்று அதிகமான மாணவர்களைச் சேர்த்து, மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மனத்தளவில் உண்மையாகவே பாதிக்கப்பட்டு, அந்தப் பாதிப்பு நிலைத்தவர்கள் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேரும் எல்லாக் குழுக்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. அதட்டி, குத்திக்காட்டி, எல்லோரையும் தன் பக்கம் இழுக்கும் கவர்ச்சி மிக்க தலைவர்களின் குழுக்களில்தான் அதிகம் இருந்தார்கள்.

அதைவிட என்னை உலுக்கிய செய்தி வேறொன்று. பாதிக்கப்பட்டவர் யார் என்று தலைவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சக மாணவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேடையில் நிற்பவர் கூட்டத்தின் கைதட்டலைப் பார்க்கிறார். மூன்றாம் வரிசையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் பெண், அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் கண்ணில்தான் படுகிறாள். என் பணிக்காலத்தில் இப்படிப் பயிற்சி முடிந்த கையோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைக் கூட்டி வந்ததும் பயிற்சியாளர்கள் அல்ல. அறைத் தோழி, மச்சினன், ஒரு முறை லாட்ஜ் வாட்ச்மேன்.

இனி அரிசோனா. இதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன்.

2009ஆம் ஆண்டு அக்டோபர் 8. அரிசோனா மாநிலத்தில் செடோனா என்ற ஊருக்கு அருகில், செம்மலைகளுக்கு நடுவே ஒரு தங்குமிடம். ஜேம்ஸ் ஆர்தர் ரே என்ற தன்னம்பிக்கைப் பேச்சாளர் அங்கே ஐந்து நாள் முகாம் நடத்தினார். 'தி சீக்ரெட்' படத்தில் தோன்றியவர். நம் ஊரிலும் அந்தப் படத்தின் குறுந்தகடு கைமாறி வந்த காலம் உண்டு. முகாமுக்குக் கட்டணம் தலைக்கு ஒன்பதாயிரம் டாலருக்கு மேல். முதல் நாட்களில் பலர் தலையை மழித்துக்கொண்டார்கள். ஒரு விளையாட்டில் ரே வெள்ளை அங்கி அணிந்து கடவுளாக நின்றார். 'செத்துவிட்டாய்' என்று அவர் யாரிடம் சொன்னாரோ அவர்கள் அசையாமல் தரையில் கிடக்க வேண்டும். அடுத்து 36 மணி நேரம் பாலைவனத்தில் தனியாக, சோறு தண்ணீர் இல்லாமல். அது முடிந்து ஒரு வேளை உணவு. அன்று பிற்பகலே வியர்வைக் குடில்.

குச்சிகளை வளைத்துக் கட்டி, அதன் மேல் தார்ப்பாயும் போர்வைகளும் மூடிய தாழ்ந்த கூடாரம் அது. நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருட்டில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பழுக்கக் காய்ந்த கற்களை வெளியிலிருந்து கொண்டு வந்து நடுக்குழியில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி எழும். சுமார் கால் மணி நேரம் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் வாசலில் தொங்கும் திரையைத் தூக்குவார்கள். புதிய கற்கள் வரும். இப்படி எட்டுச் சுற்று, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ரே.

சாகப்போவதுபோல் தோன்றும், ஆனால் சாக மாட்டீர்கள் என்ற பொருளில் அவர் முன்கூட்டியே பேசியிருந்தார். இந்த ஒரு பேச்சு என்ன செய்கிறது என்று பாருங்கள். மயக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் என்று உடம்பு கொடுக்கிற ஒவ்வோர் எச்சரிக்கையும், பயிற்சி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமாக மாறிவிடுகிறது. ஒரு பெண் நினைவிழந்து கிடக்கிறாள் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்ததையும், அடுத்த சுற்று முடிந்து பார்க்கலாம் என்று பதில் வந்ததையும் சாட்சிகள் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அன்று மாலையே இருவர் இறந்தனர். ஒன்பது நாள் கழித்து மருத்துவமனையில் மூன்றாமவரும் இறந்தார். மேலும் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த வியர்வைக் குடில் லகோட்டா முதலான அமெரிக்கப் பழங்குடிகளின் புனிதச் சடங்கு. அதைக் கட்டணத்துக்கு நடத்தியது குறித்து அந்தப் பெரியவர்கள் மனம் நொந்து கண்டித்தார்கள். பல வருடம் பழகிய கையில் அந்தக் கற்கள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை.

2011இல் ரே மீது நான்கு மாதங்கள் வழக்கு நடந்தது. அவர் தரப்பு சொன்ன பதில்களில் ஒன்று மிக எளிமையானது: வாசல் திறந்துதான் இருந்தது, விரும்பியவர் வெளியே போகலாம், சிலர் போகவும் செய்தார்கள். இது பொய்யல்ல. சிலர் சுற்றுகளுக்கு நடுவே ஊர்ந்து வெளியே வந்திருக்கிறார்கள். நடுவர் குழு அவரைப் பெரிய குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, கவனக்குறைவால் மூன்று மரணங்களை விளைவித்ததற்காகக் குற்றவாளி என்றது. இரண்டு ஆண்டு சிறை. 2013 ஜூலையில் வெளியே வந்தார்.

கதவு திறந்திருந்தது, அப்புறம் ஏன் எழுந்து வரவில்லை? இதே கேள்வியைத்தான் நானும் என் தம்பியிடம் கத்திக் கேட்டேன். "உன்னை என்ன கயித்துல கட்டியா போட்டாங்க?" என்று கேட்டேன். இன்று அப்படிக் கேட்க மாட்டேன். ஒன்பதாயிரம் டாலர் கட்டியாகிவிட்டது. தலைமுடியும் போய்விட்டது. யாரிடமும் சொல்லாததைச் சொல்லியாகிவிட்டது. எழுந்து போகிறவன் கோழை, பாதியில் ஓடுவதே உன் வாழ்க்கை முழுவதும் இருக்கிற நோய் என்று நான்கு நாளாகக் காதில் விழுந்திருக்கிறது. அந்த நிலையில் ஒருவருக்கு வாசல் எட்டு அடி தூரத்தில் இருந்தாலும் எட்டாது. பந்தியில் உட்கார்ந்து, பிடிக்காத உணவை மறுக்கத் தயங்கி விழுங்கியவர்கள்தானே நாம் எல்லோரும்? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அப்படி என்றால், இத்தனையையும் கொடுத்துவிட்டு வந்தவர் எப்படி எழுவார்?

தம்பி அறிமுக வகுப்போடு நிற்கவில்லை. முதல் பயிற்சி ஆறாயிரம் ரூபாய், அடுத்தது நாற்பதாயிரம். அதற்கடுத்த 'தலைமைப் பயிற்சி'க்கு அவன் மனைவியின் வளையல் வங்கிக்குப் போனது. பணம் போனதைவிட, அவன் பேச்சு மாறியதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. 'கதை' என்றால் இனி கதை இல்லை, நாம் சொல்லும் எந்த நியாயமும் 'கதை'. கடன் எப்படி அடைப்பாய் என்று கேட்டால், "அது உன் கதைக்கா" என்பான். 'பொறுப்பு', 'முடித்தல்', 'வாக்கு' என்று எல்லாம் நம் வீட்டுச் சொற்கள்தான். ஆனால் பட்டறையிலிருந்து திரும்பி வந்த சாவிபோல அவை எங்கள் பூட்டில் நுழையவில்லை.

ராபர்ட் ஜே லிப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் ஹாங்காங்கில் இருந்து, சீனாவின் சிந்தனைச் சீர்திருத்த முகாம்களிலிருந்து வெளியேறியவர்களிடம் பேசி, 1961இல் ஒரு நூல் எழுதினார். மனிதரை முழுமையாக வளைக்கும் சூழலுக்கு எட்டு அடையாளங்கள் சொன்னார். அவற்றில் இரண்டு என் தம்பியிடம் கண்கூடு. ஒன்று, சுமையேற்றிய மொழி. யோசனை தொடங்கும் இடத்தில் ஒரு சொல்லை வைத்து முடித்துவிடுவது. மற்றொன்று, ஓயாத பாவ அறிக்கை.

அந்த அறிக்கை எதுவரை போகும் என்பதற்கு நெக்சியம் இருக்கிறது. 1998இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் கீத் ரனீரியும், நான்சி சால்ஸ்மன் என்ற செவிலியரும் தொடங்கிய தொழில் வெற்றிப் பயிற்சி அது. படிநிலைக்கு ஒரு நிறத்தில் துண்டு போட்டுக்கொள்வார்கள். சீக்ரம் மதுபான நிறுவனத்தின் எட்கர் பிரான்ப்மன் முதலில் தானே அதன் வகுப்புக்குப் போனவர். 2003இல் இது வழிபாட்டுக் குழு என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய மகள்களில் இருவர் அப்பாவின் பக்கம் நிற்கவில்லை. பிற்காலத்தில் உள்ளுக்குள் பெண்களுக்கென ஒரு ரகசிய வட்டம் உருவானது. அதில் சேர 'பிணை' கொடுக்க வேண்டும். நகையோ பத்திரமோ அல்ல. தன்னையும் தன் வீட்டாரையும் தலைகுனிய வைக்கும் படங்கள், எழுத்துகள். அந்தப் பிணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் உடலில் ரனீரியின் முதலெழுத்துகளைச் சூடு போட்டார்கள். 2019 ஜூனில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2020 அக்டோபரில் 120 ஆண்டு சிறை விதித்தார்கள். முதல் நாள் ஒலிபெருக்கியில் அழுதுகொண்டே சொன்ன ரகசியத்துக்கும் இந்தப் பிணைக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது, எல்லோரும் அதைக் கடப்பதில்லை. ஆனால் பாதை ஒன்றுதான்.

'மூளைச்சலவை' என்ற சொல்லை நான் இதுவரை பயன்படுத்தவில்லை. 1950இல் எட்வர்ட் ஹன்டர் என்ற பத்திரிகையாளர் ஆங்கிலத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. மந்திரம் போட்டதுபோல் ஒரு நினைப்பைத் தருகிறது. ஐலீன் பார்க்கர் என்ற சமூகவியலாளர் லண்டனில் சன் மியுங் மூனின் ஒற்றுமைத் திருச்சபை நடத்திய முகாம்களை ஆராய்ந்து 1984இல் எழுதினார். 1979இல் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏறத்தாழ தொண்ணூறு விழுக்காட்டினர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பலர் விரைவில் விலகிவிட்டார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல். வீட்டில் ஒருவர் சிக்கிவிட்டால் இனி அவர் நமக்கில்லை என்று கதறத் தேவையில்லை. பெரும்பாலானோர் திரும்புகிறார்கள். எந்த வாசலுக்குத் திரும்புவது என்பதுதான் அவர்களுடைய கவலை.

நான் அந்த வாசலை அடைத்தவள். படித்த வேலையெல்லாம் மறந்து, சொந்தக்காரர் முன்னால் அவனைத் திட்டினேன். 'உன்னைச் சார்ந்தவர்கள் உன் வளர்ச்சியைப் பொறுக்க மாட்டார்கள்' என்று அங்கே அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அது சரிதான் என்று நானே நிரூபித்துக் கொடுத்தேன். ஒன்றரை வருடம் என்னோடு பேசவில்லை.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். பிரான்சில் 2001இல் ஒரு சட்டம் வந்தது. ஒருவரை மனத்தளவில் அடிமைப்படுத்தி, அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது குற்றம் என்றது. நம் நாட்டில் 1978ஆம் ஆண்டுப் பணச்சுழற்சித் தடைச் சட்டமும், நேரடி விற்பனைக்கு 2021இல் வந்த விதிகளும் சங்கிலி வியாபாரத்தின் பண மோசடியைப் பிடிக்கும். சாமான் எதையும் விற்காமல் மனத்தை மட்டும் கையாளும் ஹோட்டல் கூடத்துக்கு அவை எட்டுவதில்லை. குறைந்தது சில விதிகளையாவது கேட்கலாம் என்பது என் கருத்து. பணம் கட்டிய பிறகும் திரும்பப் பெற ஏழு நாள் அவகாசம். தூக்கத்துக்கும் கழிப்பறைக்கும் தடை கூடாது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவரை மருத்துவர் சொல்லாமல் சேர்க்கக் கூடாது. ஆள் பிடித்து வருவதைப் பாடத்தின் பகுதியாக வைக்கக் கூடாது.

தமிழாசிரியர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். நன்னூலின் பொதுப்பாயிரத்தை நான் படித்த காலத்தில் அதில் நல்லாசிரியருக்கு இலக்கணம் சொன்னது மட்டும்தான் மனத்தில் நின்றது. இப்போது படித்தால் அடுத்த பகுதிதான் நிற்கிறது. ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்று பவணந்தியார் தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதற்கு மடல் விரிந்த பனையையும் வளைந்த தென்னையையும் உவமை காட்டுகிறார். நம் தோட்டத்தில் வேர்விட்டுத் தண்ணீர் குடித்து, அடுத்தவன் தோட்டத்தில் காய் போடும் தென்னை. மாணவன் கேள்வி கேட்பதைப் படிக்கும் முறைகளில் ஒன்றாகவே அவர் வைத்திருக்கிறார். கேள்வி கேட்டவனைப் பார்த்து, 'இது உன் எதிர்ப்பு, இதைத்தான் உடைக்க வேண்டும்' என்று சொல்கிற ஆசிரியரை அவர் கண்டிருந்தால் இன்னோர் உவமை தேடியிருப்பார்.

2018இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். தம்பிக்குத் தகவல் சொன்னேன். "எல்லாத்துக்கும் அவங்கவங்கதான் பொறுப்புக்கா. அப்பா இதைத் தேர்ந்தெடுத்திருக்கார்" என்றான். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குரல். நான் பதில் சொல்லவில்லை. ஆத்திரம் தீர்ந்து போயிருந்தது. "பார்க்கிற நேரம் சாயங்காலம் நாலரை" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் நாலே காலுக்கு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தான். வாயில் குழாயோடு கிடந்த அப்பாவை அவன் எவ்வளவு நேரம் பார்த்தான் என்று எனக்குத் தெரியாது, ஒருவர்தான் உள்ளே போகலாம். வெளியே வந்தவன் அதற்குப் பிறகு அந்தச் சொற்களைப் பேசவில்லை. கோர்ஸை விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வளையலை மீட்க இரண்டு வருடம் ஆயிற்று.

அப்பா போய் முதல் திதி முடிந்த அன்று, எல்லோரும் கிளம்பிய பின் கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தம்பி வந்து குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் தேய்த்து வைத்ததை ஒவ்வொன்றாக அலசத் தொடங்கினான். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல், "அக்கா, அன்னைக்குப் போன்ல சொன்னேன்ல, சைக்கிள்... அது நெசமாவே நான்தான்க்கா" என்றான்.

"தெரியும்டா" என்றேன். அண்டாவை இருவருமாகத் தூக்கிக் கவிழ்த்தோம்.